இரண்டு வருஷ போக்கர் கணக்கு: எனக்கு ஆட்டம் வருமா?

சத்துவாச்சாரி_பட்டன்:
வணக்கம். எனக்கு வேலை ராணிப்பேட்டை சிப்காட்டில். 2025 ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம் வந்ததும் ஆன்லைனில் பணம் வைத்து ஆடும் போக்கர் மேசைகள் நின்றுபோயின. பேலன்ஸை வங்கிக்கு மாற்றிவிட்டு ஹேண்ட் ஹிஸ்டரி (ஆடிய ஒவ்வொரு ஹேண்டின், அதாவது ஒவ்வொரு சீட்டுச் சுற்றின் பதிவு) முழுவதையும் இறக்கி வைத்திருக்கிறேன். 5/10 ரூபாய் மேசை (ஸ்மால் பிளைண்ட் 5, பிக் பிளைண்ட் 10; சீட்டு பார்க்கும் முன்பே இருவர் போட வேண்டிய கட்டாயப் பணம்), ஆறு பேர் ஆட்டம், ஏறக்குறைய 20,000 ஹேண்ட். மேசையில் லாபம் 8,000 ரூபாய், அதாவது நூறு ஹேண்டுக்கு 4 பிக் பிளைண்ட். பேட் பீட் (முன்னால் இருந்தும் கடைசியில் தோற்ற ஹேண்ட்) மட்டும் இல்லையென்றால் இன்னும் கூடியிருக்கும். இப்போது நண்பர்களோடு சும்மா சிப்ஸுக்குத்தான் ஆடுகிறேன். இருந்தாலும் எனக்கு ஆட்டம் வருமா என்று தெரிந்துகொள்ள வேண்டும். இந்தக் கணக்கு போதுமா?

ஆம்பூர்_ரிவர்:
முதலில் பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுங்க. போட்டது எவ்வளவு, எடுத்தது எவ்வளவு. ரேக் (தளம் எடுத்த கமிஷன்) மேசைக் கணக்கிலேயே கழிந்திருக்கும். ஆனால் 2023 அக்டோபர் முதல் டெபாசிட்டுக்குப் போட்ட 28 சதவீத ஜிஎஸ்டியும், நிகர வெற்றிக்குப் பிடித்த 30 சதவீத டிடிஎஸ்ஸும் அதில் வராது. நம்ம வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் கமிஷன், கூலி, வண்டி வாடகை கழிக்காமல் யாராவது லாபம் சொல்வார்களா?

குடியாத்தம்_கணக்கர்:
தம்பி, பணம் வந்ததா என்பது ஒரு கேள்வி, நன்றாக ஆடினேனா என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு மேலே நண்பர் சொன்னதே போதும். இரண்டாவதற்கு 20,000 ஹேண்ட் ரொம்பக் குறைவு.

நீங்கள் ஆடிய இந்த ஆறு பேர் ஹோல்டெம் வகை போக்கரில் நூறு ஹேண்டுக்கு ஏற்ற இறக்கம் சுமார் 90 பிக் பிளைண்ட். அந்தக் கணக்கில் 20,000 ஹேண்டில் உங்கள் சராசரி ஆறேழு பிளைண்ட் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தானாகவே நகரும், சில சமயம் அதைப்போல் இரு மடங்கும். ஆக, 4 என்று தெரிவது உண்மையில் 10 ஆகவும் இருக்கலாம், மைனஸ் 5 ஆகவும் இருக்கலாம். ஒரு லட்சம் ஹேண்டில்கூட மூன்று பிளைண்ட் அளவுக்கு ஆட்டம் காட்டும்.

பேட் பீட்டை எண்ணுகிறவர்கள், தாங்கள் பின்தங்கியிருந்து ரிவரில் (கடைசிப் பொதுச் சீட்டில்) ஜெயித்த ஹேண்டையும் எண்ண வேண்டும். ஏஸ் ஜோடி ராஜா ஜோடியிடம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு தடவை தோற்கத்தான் செய்யும். அதைத் தோல்விக் கணக்கில் வைக்காதீர்கள். ஆல்-இன் ஆன (முன்னால் உள்ள சிப்ஸ் முழுவதையும் போட்ட) நேரத்தில் யார் முன்னால் இருந்தார் என்று மட்டும் பாருங்கள்.

பேட் பீட் என்று நினைக்கிற ஒரு ஹேண்டை இங்கே போடுங்கள், பார்ப்போம்.

சத்துவாச்சாரி_பட்டன்:
சரி அண்ணா. என்னிடம் ஏஸ்-ஜாக், ஃபிளாப் (முதல் மூன்று பொதுச் சீட்டு) ஜாக்-8-4. எதிராளி இரண்டு தடவை கால் மட்டும் பண்ணினார் (நான் போட்ட அளவே போட்டார்). டர்ன் (நான்காம் பொதுச் சீட்டு) 2, ரிவர் ராணி. பாட்டில் (நடுவில் சேர்ந்த பணத்தில்) 600 இருக்க, திடீரென்று அவரே 400 போட்டார். கால் பண்ணினேன், கையில் 4-4 காட்டினார், ஃபிளாப்பில் வந்த 4-ஓடு சேர்த்து மூன்று 4.

குடியாத்தம்_கணக்கர்:
இது பேட் பீட்டே இல்லை, ஃபிளாப்பிலேயே அவர் முன்னால் இருந்தார். ஆனால் கால் தப்பா என்பதை அவர் காட்டிய சீட்டை வைத்துச் சொல்லக்கூடாது. 400 கொடுத்து 1,400-க்கு ஆடுகிறீர்கள், நூற்றுக்கு 29 தடவை ஜெயித்தால் போதும். அதுவரை சும்மா கால் பண்ணி வந்தவர் ரிவரில் தானே இவ்வளவு போடும்போது, ஒரு ஜாக் ஜோடிக்குக் கீழே என்னென்ன சீட்டு வைத்திருப்பார்? எழுதிப் பாருங்கள். எனக்கு மிகச் சிலதான் தோன்றுகிறது, நான் சீட்டை மடித்து விலகியிருப்பேன். முடிவு பத்தியை மறைத்துவிட்டு ஒவ்வொரு பெரிய பாட்டையும் இப்படித்தான் படிக்க வேண்டும்.

அப்புறம், பிக் பிளைண்ட் போடும் இருக்கையில் நஷ்டம் வந்திருந்தால் பதறாதீர்கள். அங்கே எல்லாருக்கும் நஷ்டம்தான். அந்த இருக்கையில் ஒவ்வொரு ஹேண்டையும் மடித்தாலே நூறு ஹேண்டுக்கு 100 பிளைண்ட் போய்விடும். அதில் எவ்வளவு மிச்சப்படுத்தினீர்கள் என்பதுதான் உங்கள் திறமை. பட்டனில் (கடைசியாக முடிவெடுக்கும் டீலர் இருக்கையில்) மட்டும் லாபம் வந்தே ஆக வேண்டும்.

சத்துவாச்சாரி_பட்டன்:
இந்த மாதிரி யாரும் சொன்னதில்லை அண்ணா, ரொம்ப நன்றி. பிக் பிளைண்டையும் பட்டனையும் தனித்தனியாகப் பிரித்து ஞாயிற்றுக்கிழமை போடுகிறேன்.