பதினோரு மாதம், இன்னும் தவழவில்லை: உங்கள் வீட்டில் நடந்ததையும் எழுதுங்கள்

நிலாவின் அம்மா:

போன வாரம் நடந்தது, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. நாத்தனார் தன் பையனோடு வந்திருந்தார். என் மகளைவிடச் சின்னவன். வந்ததும் சோபாவைப் பிடித்து எழுந்தான், அதைப் பிடித்தபடியே பக்கவாட்டில் நாலடி வைத்தான், கூடத்தில் ஒரே கைதட்டல். என் மகள் எப்போதும் போல உட்கார்ந்த வாக்கிலேயே, ஒரு காலை மடக்கி, ஒரு கையைத் தரையில் ஊன்றி, துடுப்புப் போடுவது மாதிரி நகர்ந்து அவனிடம் போனாள். அவளுக்குத் தெரிந்த நடை அது ஒன்றுதான். குப்புறப் போட்டாலே அழுவாள்.

"என்ன அண்ணி, இவ இன்னும் தேய்ச்சுக்கிட்டுதான் போறாளா? டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்றார் நாத்தனார். நான் வாயைத் திறப்பதற்குள் நிலா அவன் கையிலிருந்த கிலுகிலுப்பையைப் பிடுங்கிக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தாள். 'பார்த்தாயா?' என்கிற சிரிப்பு. எல்லோரும் அவன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட இதைப் பார்க்கவில்லை.

டாக்டரிடம் காட்டியாகிவிட்டது. காலில் பலம் இருக்கிறது, உட்கார்ந்தே நகரும் குழந்தைகள் கொஞ்சம் தாமதமாகத்தான் நடப்பார்கள், அடுத்த செக்கப்பில் பார்க்கலாம் என்றார். அதனால் அறிவுரை வேண்டாம். உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருந்தால் அதைச் சொல்லுங்கள்.

இரவுக் காவலன்:

தவழ்வது பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, எங்கள் ஆள் உருண்டே வீடு முழுக்கப் போனவன். என் கதை ஒரு எறும்பு. அதுவரை எதை எடுத்தாலும் உள்ளங்கையை விரித்து மொத்தமாக வாரித்தான் எடுப்பான், பாதி நழுவிவிடும். அன்றைக்குத் தரையில் போன எறும்பையே முறைத்துப் பார்த்தான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியோடு நுனி சேர்ந்தன. எறும்பு மாட்டிக்கொண்டது. வாய்க்குப் போகும் வழியில் நான் கையைப் பிடித்தேன்.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டி இரண்டு பேரும் குதித்தோம். அப்புறம்தான் உறைத்தது, இனி தரையில் கிடக்கும் எதையும் இவனால் எடுக்க முடியும். அன்று ராத்திரி டார்ச்சோடு மண்டி போட்டு வீட்டைத் தேடினேன். பொத்தான், ஊக்கு, கட்டிலுக்கு அடியில் ரிமோட்டிலிருந்து விழுந்த வட்ட பேட்டரி ஒன்று. அந்த பேட்டரி தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உள்ளே புண்ணாக்கிவிடும். கண்ணுக்குத் தெரியாமல் எத்தனை நாள் அங்கே கிடந்ததோ.

இரட்டையர் வீடு:

எங்களை உறுத்துவது ஒரு பேனா. முதல் பிறந்தநாள் செக்கப். டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு பெண் படிவத்தை நிரப்பினார். பிறந்த தேதியைப் பார்த்தார், கேள்விகளை ஆரம்பித்தார். தனியாக நிற்கிறதா? இல்லை. டாடா காட்டுகிறதா? இல்லை. டப்பாவுக்குள் பொம்மையைப் போடுகிறதா? இல்லை. இரண்டு படிவம், வரிசையாக 'இல்லை', ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு கோடு வேறு. என் கணவரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவர் கேட்காத ஒரே கேள்வி, எத்தனையாவது வாரத்தில் பிறந்தார்கள் என்பது. 32ஆவது வாரம். நாற்பதுக்கு எட்டு வாரம் பாக்கி. காலண்டரில் ஒரு வயது என்றால் இவர்கள் வளர்ச்சியைப் பத்து மாதக் குழந்தைக்கு உள்ளதாகத்தான் பார்க்க வேண்டும். இரண்டு வயது வரைக்கும் இந்தக் கழித்தல் உண்டு. உள்ளே டாக்டர் ஒரு நிமிடத்தில் சரிசெய்தார். அந்தப் பெண் மேல் கோபமில்லை, படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டமே இல்லை.

மூன்று பேரன் பாட்டி:

இவ்வளவு கவலை எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. படிவம், வாரக் கணக்கு, டார்ச் லைட்! பெரியவர்கள் இரண்டு பேருக்கும் எட்டு மாதத்தில் வாக்கர் வாங்கிக் கொடுத்தோம், கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள், இன்று பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயம் ஓடுகிறார்கள். நிலாவுக்கும் ஒன்று வாங்குங்கள், கால் தானாகப் பழகும்.

என் அனுபவம் கடைக்குட்டியைப் பற்றியது. பத்து மாதம்தான் ஆகிறது, எதை நீட்டினாலும் வலது கையால்தான் வாங்குவான். இடது பக்கம் நீட்டினால்கூட உடம்பைத் திருப்பி வலது கையைக் கொண்டுவருவான், இடது கையை மடக்கியே வைத்திருப்பான். போன ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் முன்னால் செய்து காட்டினான், இந்த வயதில் இவ்வளவு தெளிவா என்று எல்லோரும் அசந்துபோனார்கள்.

கணக்குப் பிள்ளை:

பாட்டிம்மா, வாக்கரைப் பற்றிச் சண்டை போடத்தான் வந்தேன், உங்கள் கடைசிப் பத்தியைப் படித்ததும் அது பின்னால் போய்விட்டது. வலக்கையா இடக்கையா என்ற பழக்கம் ஒன்றரை வயதுக்கு முன்னால் இப்படித் தீர்மானமாகத் தெரியக் கூடாது. இந்த வயதில் இரண்டு கையும் மாறி மாறித்தான் வர வேண்டும். ஒரு கையை மடக்கியே வைத்து மறு கையை மட்டும் பயன்படுத்தினால், மடங்கிய பக்கம் பலக்குறைவு இருக்கிறதா என்று குழந்தை நல மருத்துவர் பார்த்தாக வேண்டும். பயமுறுத்தவில்லை. இருந்தால் சீக்கிரம் பயிற்சி ஆரம்பிப்பதில் பலன் அதிகம். இந்த வாரமே காட்டுங்கள்.

இனி வாக்கர். அண்ணன் வீட்டில் என் கண்ணால் பார்த்தது. நாலு சக்கரமும் ஒரே உந்தில் மாடிப்படி விளிம்புக்கு வந்துவிட்டன, அண்ணி சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். அவ்வளவுதான் என் கதை. ஆனால் கனடாவில் 2004ஆம் ஆண்டு முதல் வாக்கர் விற்பதே சட்டப்படி தடை என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அது நடக்கக் கற்றுக்கொடுப்பதும் இல்லை. கால் நுனியால் தரையை உந்தத்தான் பழகுகிறது, சமநிலை பழகுவதில்லை. நடை வருவது விழுந்து எழுந்துதான். 2012இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில் 12 முதல் 19 மாதக் குழந்தைகள் விளையாடும்போது எண்ணியிருக்கிறார்கள்: ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக 2,368 அடி, 17 விழுதல். வாக்கரில் உட்கார்ந்தால் அந்தப் பதினேழும் கிடைக்காது.

நிலாவின் அம்மாவுக்கும் ஒன்று. உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் குழந்தைகளைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, தனியாக நடந்த வயது சுமார் 8 மாதத்திலிருந்து பதினேழரை மாதம் வரை பரவியிருந்தது. நூற்றுக்கு நாலு குழந்தைகள் கைகால் ஊன்றித் தவழவே இல்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022இல் திருத்திய குழந்தை வளர்ச்சிப் பட்டியலில் தவழ்வதையே எடுத்துவிட்டது. ஆனால் 18 மாதம் வந்தும் நடக்காவிட்டால் காத்திருக்காதீர்கள். அப்புறம் வீட்டுக்குள் செருப்பு, ஷூ வேண்டாம், வெறுங்காலில் விடுங்கள். காலுறையும் வழுக்கும். தினமும் கொஞ்ச நேரம்...

நிலாவின் அம்மா:

தம்பி, வேண்டாம் என்று முதலிலேயே எழுதியிருந்தேன். நூற்றுக்கு நாலு என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், நாத்தனாருக்கு அனுப்ப.

சன்னலோரம்:

கால் பேச்சே ஓடுகிறது, நான் காதைப் பற்றி எழுதுகிறேன்.

பதினோரு மாதத்தில் என் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். 'விளையாட்டில் கவனம்' என்பார் மாமியார். கணவர் கதவைப் படாரென்று சாத்திக் காட்டினார், திரும்பினாள், "பார், காது நல்லாத்தானே இருக்கு" என்றார். பிறந்தபோது எடுத்த செவிப் பரிசோதனையில் தேறியவள் என்ற காகிதமும் இருந்தது. எனக்குச் சமாதானமாகவில்லை. ஏழு மாதத்தில் பப்பப்பா, தத்தத்தா என்று ஓயாமல் கத்தியவள் வரவர அதையும் குறைத்துக்கொண்டே வந்திருந்தாள்.

ஒரு மாலை அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தாள். நான் மெத்தை மேல் முட்டி போட்டு, அதிர்வு தெரியாமல், பின்னாலிருந்து கிலுகிலுப்பையை மெதுவாக ஆட்டினேன். அசைவில்லை. பெயரைச் சொன்னேன். அசைவில்லை. கொஞ்சம் நகர்ந்தேன். பின்னாலிருந்த விளக்கில் என் நிழல் சுவரில் விழுந்தது. சட்டென்று திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நிழலுக்குத் திரும்பிய பிள்ளை பெயருக்குத் திரும்பவில்லை. அதைப் பார்த்த பிறகு யார் சொன்னதையும் நான் கேட்கவில்லை.

காதுக்குள் ஒரு சின்ன முனையை வைத்துச் செவிப்பறை அசைகிறதா என்று பார்த்தார்கள். அந்த வரைபடத்தில் மேடு வர வேண்டிய இடத்தில் தட்டையாக ஒரு கோடு. இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர். அடிக்கடி பிடித்த சளி விட்டுச்சென்ற நீர் அது. தண்ணீருக்குள் இருந்து கேட்பது போல மங்கலாகத்தான் கேட்டிருக்கும் என்றார் மருத்துவர். கதவுச் சத்தம் பெரியது, அதிர்வும் உண்டு, அதை வைத்துக் காதைச் சோதிக்கவே கூடாது என்றார். பிறந்தபோது தேறியது அன்றைக்கு மட்டும்தான், பின்னால் வருவதை அது சொல்லாது. மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தோம், வற்றவில்லை, சின்னக் குழாய் வைத்தார்கள்.

வீட்டுக்கு வந்த அன்று நடந்ததை இன்றும் சொல்லிச் சிரிப்போம். கழிப்பறையில் யாரோ ஃப்ளஷ் செய்ய, இவள் வீடு அதிர அழுதாள். அத்தனை நாள் அந்தச் சத்தத்தோடு வாழ்ந்தவள்தான். குக்கர், மிக்ஸி, அப்பாவின் தும்மல், ஒவ்வொன்றுக்கும் அழுகை. மாமியார்தான் முதலில் சிரித்தார்.

பெயருக்குத் திரும்பாததற்குக் காது மட்டும்தான் காரணம் என்று சொல்லவில்லை. காதை முதலில் பார்த்துவிட்டால் மற்றதைத் தெளிவாகப் பார்க்கலாம்.

மொட்டைமாடி:

சின்னதாக ஒன்று. விமானம் போனது. மடியிலிருந்த மகன் விரலை நீட்டினான், என் முகத்தைப் பார்த்தான், மறுபடி விமானத்தைப் பார்த்தான். எடுத்துக் கொடு என்று கேட்கவில்லை, நீயும் பார் என்கிறான். முதல் அடி வைத்த நாள் எனக்கு நினைவில்லை. இது இருக்கிறது. நடையை எல்லோரும் கேட்கிறார்கள், விரல் நீட்டுகிறானா என்று ஒருவரும் கேட்பதில்லை. (கணக்குப் பிள்ளை, பதினேழு விழுதலும் கிடைக்காது என்பது சரிதான், ஆனால் பாட்டியிடம் கொஞ்சம் மெதுவாகப் பேசியிருக்கலாம்.)

மூன்று பேரன் பாட்டி:

மருமகளிடம் காட்டினேன். அவள் ஏற்கெனவே கவனித்திருக்கிறாள், நான் பெருமையாகச் சொல்லும்போது எப்படி எதிர்த்துப் பேசுவது என்று இருந்துவிட்டாளாம். வியாழக்கிழமைக்கு டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறோம். பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். வாக்கர் விஷயத்தில் மட்டும் தம்பி சொல்வதை ஒத்துக்கொள்ள மாட்டேன், எங்கள் வீட்டில் மாடிப்படியே கிடையாது.