டென்ஷன் இருக்கிறது என்று நமக்கே எப்படித் தெரியும்?

தண்டையார்பேட்டை அம்மு:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 41 வயது. வீடு தண்டையார்பேட்டையில், வேலை மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டு அலுவலகத்தில். இறங்கும் சரக்குக்கான பேப்பர்களைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. ஒரு எண் மாறிப் போனாலும் சரக்கு நின்றுவிடும், நின்ற ஒவ்வொரு நாளுக்கும் பார்ட்டி வாடகை கட்ட வேண்டும்.

கொஞ்ச மாதங்களாகக் காலையில் எழுந்தால் தாடை வலிக்கிறது. வாயைத் திறந்து ஒழுங்காகக் கொட்டாவி விட முடியவில்லை. கடைவாய்ப் பல்லில் கூச்சம் வேறு. சொத்தையாக இருக்கும் என்று பல் டாக்டரிடம் காட்டினேன். சொத்தை இல்லை, தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்கள், பல் முனையெல்லாம் தேய்ந்திருக்கிறது என்றார். "ரொம்ப டென்ஷனாம்மா?" என்று கேட்டார். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை டாக்டர் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மனதார அப்படித்தான் நினைத்தேன். டென்ஷன் என்றால் பதறுவது, அழுவது, கத்துவது. நான் அந்த ரகம் இல்லை. யார்டில் பிரச்சினை வந்தால் "அம்முகிட்ட குடு, அவங்க நிதானமா பாப்பாங்க" என்றுதான் சொல்வார்கள். பெரிய கடன் இல்லை. வீட்டுக்காரர் நல்லவர். மகள் பத்தாவது படிக்கிறாள். மாமியாருக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனதிலிருந்து படுக்கைதான். காலையில் அவரைத் துடைத்து, உடை மாற்றி, கஞ்சி கொடுத்துவிட்டுத்தான் ஷேர் ஆட்டோ பிடிக்கிறேன். இது எந்த வீட்டில் இல்லை?

ஆனால் டாக்டர் கேட்டதிலிருந்து சில விஷயங்கள் கண்ணில் படுகின்றன. போன் அடித்தால் வயிறு இறுகுகிறது. அழைப்பது என் தங்கையாக இருந்தாலும் அப்படித்தான். எடுக்காமல் விட்டுவிடுகிறேன். குழம்பில் உப்பு போட்டேனா என்று நினைவில்லாமல் மறுபடி போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் வயிறு கலக்குகிறது. தோள் இரண்டும் எந்நேரமும் தூக்கியே இருக்கின்றன, நானாக நினைத்து இறக்கினால்தான் இறங்குகின்றன.

இது மன அழுத்தமா, வயதா, உடம்பில் வேறு கோளாறா? மனசு நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொல்லும்போது, எதை வைத்து ஒருவர் தன்னைக் கண்டுகொள்வது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். யோகா செய்யுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக வேண்டாம், ப்ளீஸ்.

எர்ணாவூர் டிரெய்லர்:

அக்கா, நானும் மணலி யார்டுகளுக்கு வந்து போகிற டிரைவர்தான். எனக்கு மனசைப் பார்த்தெல்லாம் தெரியாது, கையைப் பார்த்தால் தெரியும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் வண்டிகள் வரிசையில் நிற்கும். முன்னால் நிற்கிறவராலும் நகர முடியாது என்று நன்றாகத் தெரியும். தெரிந்தும் கை ஹாரனுக்கே போய்க்கொண்டிருந்தால் அன்றைக்கு நான் சரியில்லை. காலையில் வாங்கிய பீடிக் கட்டு மதியத்துக்குள் தீர்ந்தாலும் அதே கதைதான்.

இன்னொன்று எனக்குப் பயமே தரும். தினமும் திரும்புகிற எம்.எஃப்.எல். சந்திப்பு, அதைக் கவனிக்காமல் நேராகப் போய்விடுவது. அப்படி நடந்தால் வண்டியை ஓரங்கட்டி, ஒரு டீ குடித்து, கிளீனர் பையனிடம் கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசிவிட்டுத்தான் மறுபடி எடுப்பேன். லேட் ஆனால் திட்டட்டும். பின்னால் நாற்பதடி கன்டெய்னர் வருகிறது, பக்கத்தில் டூவீலரில் குழந்தையோடு ஆள் போகிறார். உங்கள் உப்பு விஷயமும் இதே ரகம் என்று எனக்குப் படுகிறது அக்கா.

புதுவண்ணை சிஸ்டர்:

அம்மு, நான் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். உனக்கு என் கடைசித் தங்கை வயது, அதனால் ஒருமையிலேயே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. தாடை வலி எப்போதும் பல்லாலோ டென்ஷனாலோ வருவது இல்லை. படியேறும்போது வந்து நின்றால் குறைகிற தாடை வலி, அல்லது நெஞ்சில் பாரம், மூச்சு வாங்குதல், வியர்வை, குமட்டலோடு சேர்ந்து வருகிற தாடை வலி இதயத்திலிருந்து வரலாம். பெண்களுக்குப் பெரிய நெஞ்சுவலி இல்லாமலே இப்படி வருவதுண்டு. அந்த நேரத்தில் வாயு என்று இஞ்சி தட்டிக்கொண்டிருக்கக் கூடாது, 108-ஐ அழைக்க வேண்டும். உனக்குக் காலையில் எழும்போது வருகிறது, பல்லும் தேய்ந்திருக்கிறது, டாக்டரும் பார்த்துவிட்டார். அதனால் பயப்படாதே, ஆனால் தெரிந்துவைத்துக்கொள்.

சரி, இப்போது உன் கேள்வி. வார்டில் நான் பார்த்த பெண்கள் மனசு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு வந்தது அபூர்வம். தலைவலி, கழுத்து வலி, வாயு, படபடப்பு, "உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு சிஸ்டர்" என்றுதான் வருவார்கள். தலைக்கு ஒரு மாத்திரை, வயிற்றுக்கு ஒரு மாத்திரை, முடிக்கு ஒரு எண்ணெய் என்று தனித்தனியாக வாங்கிக்கொண்டு போவார்கள். எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்க்க அவர்களுக்கும் நேரம் இல்லை, ஓ.பி.யில் எங்களுக்கும் நேரம் இல்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறாது.

ஆபத்து என்று பட்டதும் உடம்பு ஓடவோ எதிர்த்து நிற்கவோ தயாராகிவிடும். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற அட்ரினல் சுரப்பிகளிலிருந்து அட்ரினலினும் கார்டிசாலும் வரும். இதயம் வேகமாகும், தசைகள் இறுகும், செரிமானம் பின்னுக்குத் தள்ளப்படும். தெருநாய் துரத்தும்போது இதுதான் நம்மைக் காப்பாற்றுகிறது, ஓடி முடித்ததும் அடங்கியும் விடும். ஆனால் சரக்கு நின்றுவிடுமோ என்கிற எச்சரிக்கையும், மாமியார் கூப்பிடுவாரோ என்று பாதித் தூக்கத்திலும் விழித்திருக்கிற காதும் ஓடி முடிக்கிற விஷயங்களா? தாடையும் தோளும் வயிறும் அந்தத் தயார்நிலையிலேயே நின்றுவிடுகின்றன.

ஹான்ஸ் செல்யே என்ற ஆராய்ச்சியாளர் 1936-ல் எலிகளைப் பற்றி எழுதியதைப் பயிற்சிக் காலத்தில் படித்தோம். குளிரில் வைத்தாலும், காயப்படுத்தினாலும், அளவுக்கு மீறி உழைக்க வைத்தாலும், மருந்தை ஏற்றினாலும், எலிகளின் உடம்புக்குள் ஒரே விதமான மாற்றங்கள். அட்ரினல் சுரப்பி பெருத்தது, வயிற்றில் புண் வந்தது. பாடமாகப் படித்ததன் பொருள் வார்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. கஷ்டம் எந்த வகையாக இருந்தாலும் உடம்பு பதில் சொல்லும். எனக்கென்ன பெரிய கஷ்டம், எந்த வீட்டில்தான் இல்லை என்று நீ போடுகிற கணக்கை அது கேட்பதில்லை.

அதனால் பத்திரிகையில் வருகிற அடையாளப் பட்டியலை வைத்து உன்னைப் பார்க்காதே. உன் பழைய வழக்கத்தை வைத்துப் பார். இயல்பிலேயே சத்தமாகப் பேசுகிறவள் கத்தினால் அதில் ஒன்றும் இல்லை, அவள் வாய் மூடி இருந்தால்தான் கவனிக்க வேண்டும். நீ தங்கையோடு பேசுகிற ஆளாக இருந்து, இப்போது அவள் பெயரைப் போனில் பார்த்தாலே வயிறு இறுகுகிறது என்றால், நான் தாடையைவிட அதைத்தான் பெரிதாக எடுத்துக்கொள்வேன்.

அப்புறம், எப்போது வருகிறது என்று பார். மளிகைக் கடையில் கொடுக்கிற மாதக் காலண்டர் இருக்குமே, அதில் தாடை வலித்த நாளில் "தா", வயிறு கலக்கினால் "வ", எரிந்து விழுந்தால் "கோ" என்று எழுது. மாதவிலக்குத் தேதியையும் குறி. ஒரு மாதம் போனதும் ஞாயிறு மாலை, மாதக் கடைசி, மாதவிலக்குக்கு முந்தைய வாரம் என்று எங்காவது கூட்டமாக நிற்கிறதா என்று பார்த்தால் புரியும். முடிக்கு மட்டும் இந்தக் கணக்கு ஒத்துவராது. பெரிய அதிர்ச்சியோ கஷ்டமோ நடந்து இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் முடி கொட்டத் தொடங்கும், அதற்குள் நாம் அதை மறந்திருப்போம்.

பகலிலும் பல்லைக் கவனி. உதடு மூடியிருக்கும்போது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடக் கூடாது. மெல்லும்போதும் விழுங்கும்போதும் தொட்டால் போதும். மற்ற நேரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் நீ எதையோ பிடித்துக்கொண்டிருக்கிறாய் என்று தெரிந்துகொள், தாடையைத் தளர விடு.

உடம்புக் கோளாறா என்று கேட்டாயே, அதையும் விடாதே. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் படபடப்பு, கை நடுக்கம், எரிச்சல், தூக்கமின்மை வரும். ரத்தசோகையிலும் சோர்வு, படபடப்பு. உன் வயதில் மாதவிலக்கு நிற்பதற்கு முந்தைய மாற்றங்கள் தொடங்கியிருந்தால் அதிலும் தூக்கம் கெடும், மறதி வரும். குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறவர்களிடமும் பல் கடிப்பது உண்டு, அதை வீட்டுக்காரரிடம் கேள். பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பி.பி., சர்க்கரை, ரத்த அளவு பார்த்துவிடு. தைராய்டு எங்கே எடுப்பது என்று அங்கேயே சொல்வார்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் போனாலோ, தூக்கமே வராவிட்டாலோ டாக்டரைப் பார்க்கத் தள்ளிப்போடாதே. செத்தால் தேவலை என்ற நினைப்பு ஒரு தடவை வந்தாலும் அன்றைக்கே யாரிடமாவது சொல்லிவிட வேண்டும். இது உனக்கு மட்டும் சொல்வதில்லை, படிக்கிற எல்லோருக்கும்தான்.

காசிமேடு காலேஜ் பொண்ணு:

சிஸ்டர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எங்கள் அப்பா விசைப்படகுத் தொழிலாளி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாளும் கடலுக்குப் போக முடியாது. கவலையாப்பா என்று கேட்டால் எனக்கென்ன கவலை என்பார். ஆனால் வலையைச் சரிசெய்ய உட்கார்ந்தால் ஒரே இடத்தைப் பிரித்துப் பிரித்துக் கட்டுவார். சோறு போட்டால் மீனில் முள் எடுக்கப் பொறுமை இருக்காது, தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். அவருக்குத் தெரிவதற்கு முன்னாலேயே அம்மாவுக்குத் தெரிந்துவிடும். "வட்டிக்காரன் போன் பண்ணானா?" என்பாள். பெரும்பாலும் பண்ணியிருப்பான்.

அதனால் அக்கா, உங்கள் மகளிடம் கேட்டுப் பாருங்கள். நான் மாறிட்டேனா என்று கேட்டால் இல்லம்மா என்றுதான் சொல்வாள். முன்னே செய்து இப்போது நான் செய்யாதது என்ன என்று கேளுங்கள். அதற்குப் பதில் வரும்.

தண்டையார்பேட்டை அம்மு:

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. தம்பி, நீங்கள் வண்டியை ஓரங்கட்டுவதைப் படித்ததிலிருந்து நானும் பேப்பரில் கையெழுத்துப் போடுவதற்கு முன் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.

மகளிடம் அந்தப் பெண் சொன்ன மாதிரியே கேட்டேன். யோசிக்கவே இல்லை. "நீ எங்களோட உட்கார்ந்து சாப்பிடறதே இல்லம்மா. அடுப்புகிட்ட நின்னுக்கிட்டே சாப்பிட்டுடற. நான் ஸ்கூல் கதை சொன்னா ம் ம்னு கேட்டுட்டு, அதையே மறுபடி கேக்கற" என்றாள். வீட்டுக்காரர் பக்கத்தில்தான் இருந்தார். ராத்திரி அம்மா கூப்பிட்டால் இனி நான் எழுந்துகொள்கிறேன் என்று அவராகவே சொன்னார். என் குறட்டை பற்றியும் கேட்டேன், அப்படி எதுவும் இல்லையாம்.

பகலில் கவனித்ததில், இன்வாய்ஸ் எண்களைப் படிக்கும்போதெல்லாம் பல் இறுகியேதான் இருக்கிறது. பி.பி., சர்க்கரை சரியாக இருக்கின்றன. ஹீமோகுளோபின் 9-க்கும் கீழே. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். தைராய்டு ரிசல்ட் வரவில்லை. ஆக உடம்பும் இருக்கிறது, மனசும் இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது சிஸ்டர்.

யாரிடமாவது பேசலாம் என்று நினைக்கிறேன். ஆனால் மனநல டாக்டர் என்றாலே நம் பக்கத்தில் "கீழ்ப்பாக்கமா?" என்று கேட்பார்களே. அலுவலகத்துக்குத் தெரிந்துவிடுமா?

புதுவண்ணை சிஸ்டர்:

அந்தக் கேலியைக் கேட்டுப் பயந்து வராமல் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அம்மு, கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794-ல் தொடங்கியது. ஓ.பி.யில் பார்த்துவிட்டு அன்றைக்கே வீடு திரும்புகிறவர்கள் அங்கேயும் உண்டு. உனக்கு ஸ்டான்லிதான் பக்கம், அங்கேயும் மனநலப் பிரிவு இருக்கிறது. நீயாகச் சொல்லாமல் அலுவலகத்துக்குத் தெரிய வேண்டியதே இல்லை. 2017-ன் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கும் உரிமையைத் தருகிறது.

முதலில் போனில் பேசிப் பார்க்க வேண்டுமென்றால் 14416. டெலி மானஸ் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய சேவை. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். மாமியார் தூங்கிய பிறகு மொட்டைமாடியிலிருந்துகூட அழைக்கலாம்.

ஹீமோகுளோபின் 9-க்குக் கீழே என்றால் ஏன் குறைந்தது என்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள். மாதவிலக்கில் போக்கு அதிகம் இருந்தால் கூச்சப்படாமல் சொல்லிவிடு. மாத்திரையை டீயோடோ பாலோடோ போடாதே, சத்து சேராது. எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோடு போடு, ஒரு மணி நேரம் கழித்து டீ குடி. மலம் கறுப்பாகப் போகும், அது மாத்திரையால்தான். தைராய்டு ரிசல்ட் வந்ததும் இங்கேயே எழுது.