எடையே கொடுக்கவில்லை பெரியப்பா

குழு: ஆயா வீடு
ஞாயிறு மாலை

[6:12] நான்: பெரியப்பா, இருக்கிறீர்களா? பிசிக்ஸில் ஐந்து கணக்கு கொடுத்திருக்கிறார்கள். நாளைக்குக் காட்ட வேண்டும். முதல் கணக்கே உதைக்கிறது.

[6:13] அத்தை: மதியம் முழுக்க கிரிக்கெட். இப்போதுதான் ஞாபகம் வந்ததா?

[6:15] பெரியப்பா: தட்டச்சு செய்தே அனுப்பு. போன தடவை போட்டோவில் உன் கட்டைவிரலைத்தான் படித்தேன்.

[6:17] நான்: "48 மீட்டர் உயரக் கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒரு கல் கை நழுவி விழுகிறது. தரையைத் தொடும்போது வேகம் என்ன?"

[6:18] பெரியப்பா: 48 மீட்டரா! எங்கள் புதுச்சேரி புது லைட் ஹவுஸ் உயரம் அதுதான். 1979-இல் கட்டியது. காந்தி சிலைப் பக்கம் இருக்கிற பழையது 1836-ஆம் வருஷத்தது, இதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் வரும். சரி, நீ என்ன போட்டாய்?

[6:19] நான்: தொடக்க வேகம் பூஜ்யம். தரையில் விழுந்ததும் நின்றுவிடுகிறது, அதனால் இறுதி வேகமும் பூஜ்யம். வி ஸ்கொயர் = யு ஸ்கொயர் + 2 × முடுக்கம் (9.8) × உயரம் என்கிற சமன்பாட்டில் (வி இறுதி வேகம், யு தொடக்க வேகம்) அப்படிப் போட்டால் 0 = 940.8 என்று வருகிறது. எங்கேயோ இடிக்கிறது.

[6:19] அக்கா: 😂😂

[6:20] பெரியப்பா: நீ சிரிக்காதே. பதினொன்றாவதில் நீயும் இதையேதான் எழுதினாய். அந்த நோட்டு என் பீரோவில் இருக்கிறது.

[6:22] பெரியப்பா: டேய், கல் தரையைத் தொட்ட பிறகு நடப்பது வேறு கதை. அப்போது தரையும் அதை மேலே தள்ளுகிறது. உன் சமன்பாடு முடுக்கம் மாறாமல் இருக்கிற வரைக்கும்தான் செல்லும். கல்லைப் பூமி மட்டும் இழுத்துக்கொண்டிருக்கிற நேரம் எது? கையை விட்டதிலிருந்து தரைக்கு மயிரிழை மேலே வரும் வரைக்கும். கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது.

[6:25] நான்: ஓ. அப்படியென்றால் இறுதி வேகம்தான் கேள்வியே. வி ஸ்கொயர் = 2 × 9.8 × 48. வேகம் விநாடிக்கு 30.7 மீட்டர்.

[6:25] பெரியப்பா: மணிக்கு எவ்வளவு?

[6:26] நான்: 3.6-ஆல் பெருக்கினால் 110 கி.மீ.

[6:27] மாமா: 110-ஆ! எவ்வளவு நேரத்தில்?

[6:27] நான்: 3.1 விநாடி மாமா.

[6:29] பெரியப்பா: காற்றுத் தடையை விட்டுவிட்டுப் போட்ட கணக்கு இது. 15 மீட்டர் தென்னை மரமென்றால் 62 கி.மீ. வரும்.

[6:30] அம்மா: ஆயா கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். "தென்னை மரத்தடியில் கட்டில் போடாதே என்று அன்றைக்கே சொன்னேன், எவன் கேட்டான்" என்கிறார்கள்.

[6:33] நான்: இரண்டாவது கணக்கு, தேர் பற்றியது. "ஒரு தேர் நேரான வீதியில் சீரான வேகத்தில் செல்கிறது. மக்கள் இழுக்கும் மொத்த விசை 12,000 நியூட்டன். தேரை எதிர்க்கும் விசை எவ்வளவு?"

[6:34] மாமா: இது எனக்கே தெரியும். 12 ஆயிரத்துக்குக் கம்மி. இழுப்பு கூட இருந்தால்தானே தேர் நகரும்?

[6:35] பெரியப்பா: சரியாக 12,000, மாப்பிள்ளை.

[6:36] மாமா: மச்சான், நான் பாடலீஸ்வரர் கோயில் வைகாசித் தேரில் இருபது வருஷமாக வடம் பிடிக்கிறேன். இரண்டும் சமமாக இருந்தால் தேர் நிற்கும்.

[6:38] பெரியப்பா: நிற்கிற தேர் நின்றுகொண்டிருக்கும். ஓடுகிற தேர் ஓடிக்கொண்டிருக்கும். நீங்களே சொல்லுங்கள், வடம் பிடிக்கும்போது உள்ளங்கை எப்போது எரியும்? கிளம்பும்போதா, பாதி வீதியிலா?

[6:40] மாமா: கிளம்பும்போதுதான். பின்னால் சக்கரத்துக்கு அடியில் தடியைக் கொடுத்து நெம்பினால்தான் அசையும். அசைந்துவிட்டால் அப்புறம் சின்னப் பிள்ளைகள் சும்மா கயிற்றைத் தொட்டுக்கொண்டு வரும்.

[6:42] பெரியப்பா: அவ்வளவுதான் விஷயம். கிளப்பும்போது இழுப்பு எதிர்ப்பைவிடக் கூட, அதனால் வேகம் ஏறுகிறது. வேகம் சீரான பிறகு இரண்டும் சமம். கடைசி வரை இழுப்பு கூடவே இருந்தால், வீதி திரும்புவதற்குள் தேர் உங்களை முந்திக்கொண்டு போகும்.

[6:44] அத்தை: உங்கள் மாப்பிள்ளை இரண்டு நிமிஷமாக டைப் செய்கிறார். பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார், வாயைத் திறக்கவில்லை.

[6:45] மாமா: அதற்குத்தானே முட்டுக்கட்டை போட ஆள் வைத்திருக்கிறோம்!

[6:46] பெரியப்பா: முட்டுக்கட்டையும் எதிர்க்கிற விசைதான். அதற்கும் ஒரு அம்புக்குறி உண்டு. டேய், படம் வரைந்தாயா?

[6:51] நான்: வரைந்தேன். கீழ்நோக்கி எடை. மேல்நோக்கித் தரை தாங்குகிற விசை. முன்னால் வடம். பின்னால் உராய்வு. அப்புறம் முன்னால் இன்னொரு அம்புக்குறி, ஓட்டத்தின் விசை.

[6:52] பெரியப்பா: அந்த ஐந்தாவதை யார் கொடுக்கிறார்கள்?

[6:53] நான்: தேர் ஓடுகிறதே, அந்த வேகத்தோட விசை.

[6:55] பெரியப்பா: எடையைக் கொடுப்பது பூமி. தாங்குவது தரை. இழுப்பது வடம். தடுப்பது அச்சும் சக்கரமும் வீதியும். ஐந்தாவதுக்கு ஆள் பெயர் சொல்ல முடியவில்லை பார். ஆள் இல்லாத அம்புக்குறியை அழித்துவிடு. வேகம் என்பது தேரிடம் இருக்கிற ஒன்று, அதை யாரும் வெளியிலிருந்து தந்துகொண்டிருக்கவில்லை. வில்லியனூர்த் தேருக்கு ஆளுநரே வந்து வடம் பிடிக்கிறார், அவருக்கும் படத்தில் வடம் என்கிற ஒரே அம்புக்குறிதான்.

[6:56] அம்மா: ஆயா சொல்கிறார்கள்: "தேரைச் சாமிதான் நகர்த்துது. இவனுங்களுக்கு என்ன தெரியும்."

[6:57] பெரியப்பா: அம்மா சொன்னால் சரிதான். பரீட்சைத் தாளில் மட்டும் எழுதிவிடாதே.

[7:04] நான்: மூன்றாவது கணக்கே தப்பு. "மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வரும் பைக் பிரேக் பிடித்ததும் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கி நிற்கிறது. உராய்வுக் குணகம் 0.7. எவ்வளவு தூரம் சறுக்கும்? வேகம் 80 ஆக இருந்தால்?" பைக்கின் எடையே கொடுக்கவில்லை பெரியப்பா.

[7:05] பெரியப்பா: எடை இல்லை, நிறை. கொடுக்காவிட்டால் எம் என்று வைத்துக்கொண்டு போ. போகிற வழியில் என்ன ஆகிறதென்று பார்.

[7:06] நான்: எந்த ஃபார்முலா?

[7:08] பெரியப்பா: அதை அப்புறம் கேள். பைக்கிடம் முதலில் என்ன இருந்தது? கடைசியில் என்ன இருக்கிறது? நடுவில் யார் தின்றார்?

[7:13] நான்: முதலில் இயக்க ஆற்றல், அரை எம் வி ஸ்கொயர். கடைசியில் ஒன்றுமில்லை. தின்றது உராய்வு. உராய்வு விசை என்பது குணகம் × எடை, அதாவது 0.7 × எம் × 9.8. அதைத் தூரத்தால் பெருக்கினால் செய்த வேலை. ஐயோ, இரண்டு பக்கமும் எம் இருக்கிறது!

[7:13] பெரியப்பா: ம்.

[7:17] நான்: அடித்துவிட்டேன். 40 கி.மீ. என்பது விநாடிக்கு 11.1 மீட்டர். சறுக்குவது 9 மீட்டர். 80-க்கு 36 மீட்டர். வேகம் இரண்டு மடங்கு, தூரம் நான்கு மடங்கு.

[7:19] மாமா: இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். லாரியும் பைக்கும் ஒரே தூரத்திலா நிற்கும்?

[7:22] பெரியப்பா: நியாயமான கேள்வி. கனமான வண்டியை நிறுத்துவது கஷ்டம்தான். ஆனால் கனமான வண்டி ரோட்டையும் அதே விகிதத்தில் அழுத்துகிறது, உராய்வும் அதே அளவு கூடுகிறது. இந்தக் கணக்கில் இரண்டும் சரிக்குச் சரி. நிஜ லாரியில் டயர் வேறு, பிரேக் பிடிக்க ஆகிற நேரம் வேறு, ஏற்றின சரக்கு வேறு. அதெல்லாம் இந்த ஒர்க் ஷீட்டுக்குள் வரவில்லை.

[7:24] அக்கா: கண்ணில் பட்டுக் கை பிரேக்குக்குப் போக ஒரு விநாடி என்று வைத்தால் 40-இல் 11 மீட்டர், 80-இல் 22 மீட்டர் சும்மாவே போய்விடும். மொத்தம் 20 எங்கே, 58 எங்கே.

[7:25] அத்தை: ரெட்டிச்சாவடி தாண்டியதும் 80-இல் முறுக்குகிறவர் யார் என்று நான் சொல்லவில்லை. குழுவில் இருக்கிறார்.

[7:25] மாமா: அடுத்த கணக்கு என்னடா?

[7:28] நான்: "ஒரே சரிவின் உச்சியிலிருந்து ஒரு திண்ம உருளையும் ஒரு உள்ளீடற்ற உருளையும் ஒரே நேரத்தில் வழுக்காமல் உருள்கின்றன. எது முதலில் கீழே வரும்?" போன கணக்கு மாதிரியே எம் அடிபடும், இரண்டும் சேர்ந்துதான் வரும். சரியா?

[7:29] பெரியப்பா: வீட்டில் ஒரே மாதிரி மூடி போட்ட டப்பா இரண்டு இருக்கிறதா?

[7:30] அம்மா: ஏன்?

[7:31] பெரியப்பா: ஒன்றில் அரிசியைத் தட்டித் தட்டி, உள்ளே ஆடாதபடி முழுக்க நிரப்பு. இன்னொன்றைக் காலியாக மூடு. ஒரு பலகையின் தலைப்பக்கம் இரண்டு புத்தகம் கொடு. கலிலியோவும் பலகையில் குண்டு உருட்டித்தான் பார்த்தார். கையில் நல்ல கடிகாரம் இல்லாமல், ஒழுகின தண்ணீரை எடை போட்டு நேரம் அளந்தவர். உனக்குப் போனில் வீடியோவே இருக்கிறது.

[7:46] நான்: பழைய கட்டில் பலகை, நாலடி. மூன்று தடவை உருட்டினேன். மூன்று தடவையும் அரிசி டப்பாதான் முதலில்! அது கீழே தொடும்போது காலி டப்பா ஒரு சாண் பின்னால் இருக்கிறது.

[7:47] அம்மா: ஒரு தடவை சுவரில் மோதி மூடி கழன்றது. அதை எழுதவில்லை பாருங்கள்.

[7:50] பெரியப்பா: மேலே இருந்த நிலை ஆற்றல் கீழே வரும்போது இரண்டு செலவுக்குப் பிரிகிறது, நகர்வதற்கு ஒன்று, சுற்றுவதற்கு ஒன்று. காலி டப்பாவில் தகரம் எல்லாம் விளிம்பில். அதைச் சுற்ற வைக்கச் செலவு அதிகம், பாதிக்குப் பாதி போய்விடும். திண்மத்தில் மூன்றில் ஒரு பங்குதான் சுற்றலுக்கு. நிறை எவ்வளவு என்பது அடிபடும், ஆனால் நிறை எங்கே இருக்கிறது என்பது அடிபடாது. நிலைமத் திருப்புத்திறன் என்று புத்தகத்தில் பயமுறுத்துவது இதைத்தான்.

[7:52] மாமா: போட் இன்ஜின் ஃப்ளைவீலில் விளிம்பை மட்டும் தடியாக வார்ப்பது இதற்குத்தானா? கிளப்பத்தான் கஷ்டம், சுற்ற ஆரம்பித்தால் சீராக ஓடும்.

[7:53] பெரியப்பா: அதேதான் மாப்பிள்ளை. இந்த உதாரணத்தை நான் வகுப்பில் முப்பது வருஷம் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

[7:54] மாமா: 😎

[7:58] நான்: பெரியப்பா, ஒரு சந்தேகம். கணக்குப் போட்டால் காலி உருளை பலகையில் நான்கில் ஒரு பங்கு பின்தங்க வேண்டும். நாலடியில் ஒரு அடி. எனக்கு ஒரு சாண்தான் வந்தது.

[8:01] பெரியப்பா: நல்லா கேட்டாய்! காலி டப்பாவுக்கு அடித்தகடும் மூடியும் இருக்கிறதே. அந்தத் தகரம் விளிம்பில் மட்டும் இல்லை, நடு வரைக்கும் இருக்கிறது. அதனால் உன் டப்பா புத்தகத்து உருளையைவிடக் கொஞ்சம் சுலபமாகச் சுற்றும். ஒரு சாண் சரியான விடை. ஒரு அடி வந்திருந்தால்தான் சந்தேகப்பட்டிருப்பேன்.

[8:03] அம்மா: ஆயா, "தண்ணி ரொப்பி உருட்டினா?" என்று கேட்கிறார்கள்.

[8:04] அக்கா: திண்மம் மாதிரியேதான் வரும் ஆயா. உள்ளே முழுக்க நிரம்பியிருக்கிறதே.

[8:05] பெரியப்பா: உருட்டிப் பார்க்கட்டும். நான் எதுவும் சொல்லவில்லை.

[8:14] நான்: நெளிவில்லாத ஒரு லிட்டர் பாட்டில், கழுத்து வரைக்கும் தண்ணீர். அரிசி டப்பாவையும் தோற்கடித்துவிட்டது!! ஒரு சாணுக்கு மேலேயே வித்தியாசம்.

[8:15] அக்கா: எப்படி??

[8:16] அம்மா: ஆயா சிரிக்கிறார்கள். "வேகாத முட்டைய தரையில வெச்சு சுத்திப் பாரு, சுத்தாது. வெந்தது பம்பரமாட்டம் சுத்தும். உள்ள இருக்கிற தண்ணி ஓட்டோட சேர்ந்து வராது" என்கிறார்கள்.

[8:18] பெரியப்பா: அம்மாவுக்கு மேல் நான் என்ன சொல்வது. பாட்டில் சுற்றுகிறது, உள்ளே தண்ணீர் சுற்றாமல் அப்படியே இறங்குகிறது. சுற்றலுக்குச் செலவே இல்லாத சரக்கு. சரிவு நீளமாக இருந்தால் தண்ணீரும் மெல்ல மெல்லச் சேர்ந்து சுற்றத் தொடங்கும், நாலடிப் பலகையில் அதற்கு நேரமில்லை.

[8:19] அக்கா: எனக்கு யாரும் பதில் சொல்ல வேண்டாம். நான் போகிறேன்.

[8:24] நான்: ஐந்தாவது நானே போட்டுவிட்டேன், பாருங்கள். "அதே சரிவில் உராய்வே இல்லாவிட்டால் எது முதலில்?" உருளையின் மேல் பூமியும் பலகையும் மட்டும்தான். பூமி நடுவில் இழுக்கிறது, பலகை தாங்குகிற விசையும் நடுவைப் பார்த்துத்தான் போகிறது. சுற்றிவிட ஆளே இல்லை. அதனால் உருளாது, இரண்டும் வழுக்கிக்கொண்டு சேர்ந்தே வரும்.

[8:25] பெரியப்பா: ✔️

[8:25] பெரியப்பா: போய்ச் சாப்பிடு.

[8:26] அம்மா: முதலில் அரிசியை எடுத்த பானையிலேயே கொட்டு. பலகைக்கு அடியில் கிடக்கிறதையும் பொறுக்கு.