புரோக்கன் ஹில் சல்ஃபைட் தெரு ஸ்டேஷன்: ரயில் ஓடும் ஊரில் இது மட்டும் ஏன் நின்றுபோனது?

தெற்குவெயில்:
வணக்கம். போன மாதம் சிட்னியிலிருந்து அடிலெய்டுக்கு இந்தியன் பசிபிக் ரயிலில் போனேன். வழியில் புரோக்கன் ஹில்லில் கொஞ்ச நேரம் நிறுத்தினார்கள், இறங்கி நடந்தேன். தெருப் பெயர்களே குளோரைடு, புரோமைடு, ஆக்சைடு, கோபால்ட் என்றுதான் இருக்கின்றன, ஊருக்கு நடுவிலேயே சுரங்கக் கழிவு மலைபோல் நிற்கிறது. எங்கள் ரயில் நின்றது கிரிஸ்டல் தெரு ஸ்டேஷனில். பக்கத்திலேயே சல்ஃபைட் தெரு ஸ்டேஷன் என்று இன்னொன்று, இப்போது அருங்காட்சியகம். உள்ளே போக நேரமில்லை. அதை நடத்தியது 'சில்வர்ட்டன் டிராம்வே கம்பெனி' என்று தெரிந்துகொண்டேன், அதுதான் குழப்பம். இவ்வளவு பெரிய சுரங்க ஊருக்கு ரயில் விட்டது ஒரு டிராம் கம்பெனியா? அரசாங்கம் என்ன செய்துகொண்டிருந்தது? அப்புறம், பிக்னிக் போன ரயிலை இங்கே சுட்டார்கள் என்று ஒருவர் சொன்னார், அது உண்மையா? தெரிந்தவர்கள் விவரமாக எழுதுங்கள்.

கரிஎஞ்சின்:
நல்ல கேள்வி, நான் பல வருடமாகப் படித்துக்கொண்டிருக்கும் விஷயம் என்பதால் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வரைபடத்தைப் பாருங்கள். புரோக்கன் ஹில் இருப்பது நியூ சவுத் வேல்ஸ் எல்லைக்குள், ஆனால் அதன் தலைநகர் சிட்னி 1,100 கிலோமீட்டருக்கு மேல், அடிலெய்டோ சுமார் 500 தான். 1883இல் ஆட்டுப்பண்ணையில் வேலி பார்க்கும் வேலையிலிருந்த சார்லஸ் ராஸ்ப் அந்தக் குன்றில் சுரங்க உரிமை பதிந்தார், 1885இல் பிஹெச்பி சுரங்கக் கம்பெனி பிறந்தது. (பெயரில் உள்ள பி-யும் ஹெச்-சும் இந்த ஊர்தான்.) வெள்ளியும் ஈயமும் டன் கணக்கில் வெளியே வரத் தொடங்கியதும் அதைக் கடலுக்குக் கொண்டுபோக வழி வேண்டும். இன்றைய மாநிலங்கள் அப்போது தனித்தனிப் பிரிட்டிஷ் காலனிகள். பக்கத்துக் காலனியான தெற்கு ஆஸ்திரேலியா ஓடிவந்து தன் பாதையை எல்லையோரக் கோபர்ன் வரை 1887இலேயே போட்டுவிட்டது. மீதி 58 கிலோமீட்டரையும் நாங்களே போடுகிறோம் என்று கேட்டதற்கு நியூ சவுத் வேல்ஸ் அரசு விடவில்லை. வேறு காலனியின் ரயில் தன் மண்ணில் ஓடுவதா என்ற வீம்பு. சரி, தானாவது போட்டதா? சிட்னியிலிருந்து பாலைவனத்தைத் தாண்டி அவ்வளவு தூரம் போட அப்போது மனசில்லை.

அந்த இடைவெளியில் புகுந்ததுதான் சில்வர்ட்டன் டிராம்வே கம்பெனி. 1886இல் தனிச்சட்டம் போட்டுத் தனியாருக்கு அனுமதி கொடுத்தார்கள், சட்டத்தில் 'டிராம்வே' என்றே எழுதினார்கள். பெயர்தான் டிராம், ஓடியது முழு நீராவி ரயில். 1888 ஜனவரியில் பாதை திறந்தது. தெற்கு ஆஸ்திரேலியாவின் பாதையோடு சேர வேண்டும் என்பதால் அதே 1,067 மி.மீ. கேஜ் (இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம்), அதாவது மீட்டர்கேஜைவிட ஒரு பிடி அகலம். தாது மேற்கே போர்ட் பிரி உருக்காலைக்குப் போகும், நிலக்கரியும் சுரங்கத்துக்கு முட்டுக்கொடுக்கும் மரமும் திரும்பி வரும். இரண்டு பக்கமும் வண்டி நிறைய சுமை கிடைத்ததால், வெறும் 58 கிலோமீட்டர் வைத்திருந்த அந்தக் கம்பெனி நன்றாகவே சம்பாதித்தது. நீங்கள் பார்த்த ஸ்டேஷன் 1905இல் வந்தது.

தண்ணீரையும் மறக்கக் கூடாது. மழையே காணாத ஊர், வறட்சி முற்றினால் குடிநீரே ரயிலில்தான் வர வேண்டும், 1940களிலும் அப்படி வந்தது. மெனிண்டியிலிருந்து குழாய் வந்தது 1952இல்தான். அந்த ஊர்க்காரர்களுக்கு ரயில் என்றால் தாது வண்டி மட்டுமில்லை, உயிர்நாடி.

மணல்மேடு:
சுட்டது உண்மைதான். 1915 ஜனவரி 1, புத்தாண்டு. முதல் உலகப் போர் நேரம், துருக்கியும் ஜெர்மனியும் எதிரணி. சுமார் 1,200 பேர் பாதையிலிருந்த பக்கத்து ஊரான சில்வர்ட்டனுக்குப் பிக்னிக் கிளம்பினார்கள். அத்தனை பேருக்குப் பெட்டி ஏது? தாது ஏற்றும் திறந்த வேகன்கள் நாற்பதில் பெஞ்சு போட்டு உட்காரவைத்தார்கள். ஊரைத் தாண்டி மூன்று கிலோமீட்டர்கூடப் போகவில்லை, பாதையோரம் ஐஸ்கிரீம் வண்டியை நிறுத்தி, துருக்கிக் கொடியை ஏற்றி, இரண்டு பேர் துப்பாக்கியால் சுட்டார்கள். தலைக்கு மேல் கூரையில்லாத வேகன், ஒளிய இடமே இல்லை.

சுட்டவர்கள் பாட்ஷா முகமது குல், முல்லா அப்துல்லா. இருவரும் ஒட்டகம் ஓட்டப் பிரிட்டிஷ் இந்தியாவின் வடமேற்கு எல்லைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். குல் ஐஸ்கிரீம் விற்றுக்கொண்டிருந்தார். அப்துல்லா அங்கிருந்த முஸ்லிம்களுக்கு இமாம், இறைச்சியும் அறுத்துக் கொடுத்தவர், அனுமதியில்லாத இடத்தில் அறுத்ததாக அவருக்கு அபராதம் போட்டிருந்தார்கள். துருக்கி சுல்தானுக்காகச் செய்கிறோம் என்று கடிதம் எழுதி வைத்திருந்தார்கள். நான்கு பேர் இறந்தார்கள், பிறகு போலீசும் ஊர்க்காரர்களும் சுற்றிவளைத்ததில் இவர்கள் இருவரும். அன்றிரவு கூட்டம் போய் எரித்தது எதைத் தெரியுமா, ஜெர்மன் கிளப்பை! சம்பந்தமே இல்லாதவர்களின் கட்டடம். ஒட்டகக்காரர்களின் குடியிருப்புக்கும் போகப் பார்த்தார்கள், போலீஸ் தடுத்துவிட்டது. ரயில் வருவதற்கு முன் அந்தப் பக்கமெல்லாம் சுமை இழுத்தவர்கள் அந்த ஒட்டகக்காரர்கள்தான். அவர்கள் தகரத்தில் கட்டிய சின்னப் பள்ளிவாசல் இன்றும் ஊரின் வடக்கே இருக்கிறது. அடுத்த முறை ஸ்டேஷனைப் பார்த்துவிட்டு அங்கேயும் போய்விட்டு வாருங்கள்.

தெற்குவெயில்:
இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. ஐஸ்கிரீம் விஷயத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் வேறு எதுவும் ஓடவில்லை. ஒரு சந்தேகம் பாக்கி. இவ்வளவு லாபம் பார்த்த பாதையை அகலப்படுத்தி வைத்துக்கொண்டிருக்கலாமே, ஏன் விட்டார்கள்?

கரிஎஞ்சின்:
விட்டது கம்பெனியில்லை, பாதைதான் அவர்களை விட்டுவிட்டுப் போனது. சிட்னி பக்கமிருந்து 1,435 மி.மீ. பாதை 1927இல் ஒருவழியாக முழுசாக இணைந்தது, அதற்காக வந்ததுதான் நீங்கள் இறங்கிய கிரிஸ்டல் தெரு ஸ்டேஷன். 1937இல் பார்க்ஸிலிருந்து சில்வர் சிட்டி காமெட் என்ற ஏசி டீசல் ரயிலும் அந்தப் பக்கம்தான் வந்தது. ஆக ஒரே ஊரில் இரண்டு ஸ்டேஷன், இரண்டு கேஜ். சிட்னியிலிருந்து அடிலெய்டு போகிறவர் இங்கே இறங்கி ரயில் மாற வேண்டும், மேற்கே டெரோவி போனதும் 1,600 மி.மீ. பாதைக்காக மறுபடி மாற வேண்டும். சரக்குக்கும் இதே கதிதான்.

கடைசியில் சிட்னி முதல் பெர்த் வரை ஒரே கேஜ் என்று அரசு முடிவெடுத்தபோது, பழைய பாதையை அகலப்படுத்தாமல் சில்வர்ட்டனைத் தொடாத புது வழியில் தண்டவாளம் போட்டார்கள். 1970 ஜனவரியில் ரயில்கள் அதற்கு மாறின, பிப்ரவரியில் முதல் இந்தியன் பசிபிக் ஓடியது. 82 வருட ஓட்டம் அத்தோடு முடிந்தது. கம்பெனி 1951இல்தான் புது நீராவி எஞ்சின்கள் வாங்கியிருந்தது, பத்து வருடத்தில் டீசலும் வாங்கியது. அப்படிச் செலவு செய்தவர்கள் மூடும் எண்ணத்தில் இருந்திருக்க மாட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நீலக்கொடி:
நான் அடிலெய்டில் இருக்கிறேன், அங்கே மூன்று முறை போயிருக்கிறேன். நீங்கள் கடிகாரத்தைக் கவனித்தீர்களா? சிட்னி நேரத்துக்கு அரைமணி பின்னால் இருக்கும். நியூ சவுத் வேல்ஸில் இருந்தாலும் அந்த ஊர் இன்றும் வைத்திருப்பது அடிலெய்டு நேரம். ரயில் எந்தப் பக்கம் பார்த்து ஓடியது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இந்தப் பாதையில் எனக்கு ரொம்பப் பிடித்தது 1909 கதை. சுரங்கத் தொழிலாளர்களைக் கதவடைப்பு செய்து வெளியே நிறுத்தியிருந்த நேரம். தொழிற்சங்கத் தலைவர் டாம் மானைக் கைது செய்து, நியூ சவுத் வேல்ஸில் பேசக் கூடாது என்ற நிபந்தனையோடு ஜாமீனில் விட்டார்கள். தொழிலாளர்கள் என்ன செய்தார்கள்? ரயில் ரயிலாக ஏறி எல்லை தாண்டிக் கோபர்ன் போனார்கள், டாம் மான் தெற்கு ஆஸ்திரேலிய மண்ணில் நின்று பேசினார், கேட்டுவிட்டு ரயிலேறித் திரும்பினார்கள். முதலாளிகளின் தாதுவைச் சுமக்கப் போட்ட அதே 58 கிலோமீட்டர்!

அருங்காட்சியகத்துக்கு அரைநாள் ஒதுக்குங்கள். சில்வர் சிட்டி காமெட் அங்கேதான் நிற்கிறது, கனிமக் கற்களுக்கும் பழைய மருத்துவமனைப் பொருள்களுக்கும் தனித்தனிப் பகுதி உண்டு. பெயர் சல்ஃபைட் தெரு என்றாலும் வாசலைத் தேட வேண்டியது பிளெண்ட் தெருவும் புரோமைடு தெருவும் சந்திக்கும் மூலையில், நான் முதல் தடவை சுற்றிக்கொண்டே இருந்தேன்.