நன்மை நேரத்துக்கு மோட்சார்ட்: ஆண் குரல்களை விட்டுவிட்டுப் பாடலாமா?

தங்கச்சிமடம்_கீபோர்டு:
திருவுடல் பெருவிழாப் பூசையில், நன்மை (நற்கருணை) கொடுக்கும்போது மோட்சார்ட்டின் 'ஆவே வேரும் கோர்புஸ்' என்ற லத்தீன் பாட்டைப் பாடுவதென்று இறங்கிவிட்டோம். மொத்தமே 46 பார்தான் (பார் என்றால் ஒரு தாளக் கட்டம்). பெண்கள் தேறிவிட்டார்கள், தலைவலி ஆண்கள்தான். டெனர் (ஆண்களின் மேல்குரல்), பேஸ் (ஆண்களின் கீழ்க்குரல்) எல்லாம் விசைப்படகுக்காரர்கள். மீன்பிடித் தடைக்காலம் இருந்தவரை மாலையானால் வந்து நின்றார்கள். ஜூன் 14 தாண்டியதும் திங்கள், புதன், சனி கடல். மறுநாள் மீனை ஏலத்துக்குக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தால் கண் சொருகுகிறது. பேசாமல் சோப்ரானோ, அதாவது பெண்களின் மேல்குரல் மெட்டை மட்டும் எல்லோரும் பாடி, மற்றதை நான் கீபோர்டில் வாசித்தால் என்ன? சுருதியையும் டி மேஜரிலிருந்து சி-க்கு இறக்கலாமா?

மூக்கையூர்_பேஸ்:
வேண்டாம் தம்பி. பாட்டு முழுக்கப் பெரும்பாலும் நாலு குரலும் ஒரே சொல்லை ஒன்றாகச் சொல்லிக்கொண்டே வரும். 'எஸ்தோ நோபிஸ்' என்ற சொற்கள் வரும்போதுதான் பிரிகிறது. பெண்கள் இரண்டு குரலும் முன்னால் போக, டெனரும் பேஸும் அதையே பிடித்துக்கொண்டு பின்னால் வருவார்கள். ஆண்களைக் கழற்றிவிட்டால் அந்த இடமே இல்லை. சி-க்கு இறக்கினால் பேஸ் தொண்டைக்குள்ளேயே போய்விடும்.

நாள் போதாது என்று கவலைப்படாதீர்கள். மோட்சார்ட் இதில் போட்ட தேதி 1791 ஜூன் 17. அந்த வருடம் பெருவிழா ஜூன் 23. வியன்னாவுக்குப் பக்கத்தில் பாடென் என்ற ஊர். பிள்ளைத்தாய்ச்சியான மனைவி கான்ஸ்டான்ஸ் அங்கே வெந்நீர் ஊற்றுக் குளியலுக்குப் போய்த் தங்கியிருந்தார். அந்த ஊர்ப் பாடகர் குழுவை நடத்திய அந்தோன் ஷ்டோல், மோட்சார்ட்டுக்கு வேண்டியவர். அவருக்காக எழுதியது. சின்ன ஊர்க் குழு பாடத்தான் எழுதினார், நம்மைப் போல!

தொண்டி_வயலின்:
இசைத்தாளின் தலையில் எழுதியிருப்பதைப் பார்த்தீர்களா? 'சொத்தோ வோச்சே', அதாவது அடக்கிய குரல். நம் கோயில்களில் மைக்கைக் கண்டால் அடக்கம் எங்கே வருகிறது? நாலு மைக்கை எடுத்துவிட்டு ஒன்றைத் தள்ளி வையுங்கள், பாதி வேலை முடிந்தது. 'கூயுஸ் லாத்துஸ்' என்ற வரி தொடங்கியதும் எஃப் மேஜர் சுருதிப் பக்கம் திரும்பும், ஆல்டோ (பெண்களின் கீழ்க்குரல்) அங்கே நழுவும். அந்த நாலைந்து பாரை மட்டும் தனியாகப் பத்து தடவை பாட வையுங்கள். கீபோர்டில் ஆர்கன் போதும். தயவுசெய்து ரிதம் பட்டனைத் தொடாதீர்கள், ஒரு ஊரில் இதைத் தபலாவோடு கேட்டு நொந்திருக்கிறேன்.

தங்கச்சிமடம்_கீபோர்டு:
சரி அண்ணே, டி மேஜரிலேயே பாடுகிறோம். டெனருக்கும் பேஸுக்கும் தனித்தனியாக வாசித்துப் பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். வலை விட்டபின் படகில் போட்டுக் கேட்கிறார்களாம். இஞ்சின் சத்தத்தில் பேஸ் காதில் விழவில்லை என்று ஒருவர் புகார்; அவருக்கு மட்டும் ஒரு ஸ்தாயி மேலே வாசித்து அனுப்ப வேண்டும்.