மலைக்கிராமப் பிள்ளைகளுக்கு ஒரு கிலோமீட்டரில் பள்ளியாம்!

மலைத்தேன்: நேற்று 'நெடுஞ்சாலை' வேறொரு திரியில் எழுதியது இது: "கல்வி உரிமைச் சட்டம் வந்தபின் எல்லா ஊருக்கும் ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப்பள்ளி இருக்கிறது. பழங்குடிப் பிள்ளைகள் படிக்காததற்குப் பெற்றோரின் அலட்சியம்தான் காரணம்." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. எந்த ஒரு கிலோமீட்டர் ஐயா? வரைபடத்தில் விரல் வைத்து அளந்ததா? கல்வராயன் மலையிலும் ஜவ்வாது மலையிலும் ஓடையில் இறங்கி மேடேறி நடந்து பார்த்ததுண்டா?

நெடுஞ்சாலை: இருக்கிற சட்டத்தைத்தான் சொன்னேன். ஐந்தாம் வகுப்புவரை 1 கி.மீ., எட்டாம் வகுப்புவரை 3 கி.மீ. நீங்கள் கோபப்பட்டால் தூரம் கூடிவிடுமா?

மலைத்தேன்: அந்த எண் 2009 கல்வி உரிமைச் சட்டத்திலேயே இல்லை. மத்திய அரசின் 2010 மாதிரி விதிகளில் இருக்கிறது. நிலச்சரிவு, வெள்ளம், சாலை இல்லாத இடங்களில் அந்தத் தூரத்தையும் குறைத்துப் பள்ளி வைக்க வேண்டும் என்று அங்கேயே போட்டிருக்கிறது. பாதியோடு மூடிவைத்துவிட்டு வந்து பாடம் எடுக்கிறார்!

நெடுஞ்சாலை: பள்ளி வைக்க முடியாத குக்கிராமத்துக்கு இலவச வாகனமோ தங்கும் வசதியோ தரலாம் என்றும் அதே விதியில் இருக்கிறதே. அதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? 1 கி.மீ. என்றால் 1 கி.மீ.தான்.

பழைய வாத்தியார்: தம்பிகளா, தூரம் மட்டுமா பிரச்சினை? காப்பி, மிளகு பறிக்கிற பருவத்தில் குடும்பமே குடகுக்கும் கேரளாவுக்கும் கிளம்பிவிடும். பிள்ளையை யாரிடம் விட்டுப் போவார்கள்? கூடவே கூட்டிப் போகிறார்கள். திரும்பி வரும்போது வருகைப்பதிவேட்டில் பெயர் நெடுக 'வரவில்லை' என்று போட்டிருக்கும். அதனால்தான் உண்டு உறைவிடப் பள்ளி வேண்டும் என்கிறேன்.

மலைத்தேன்: ஆறு வயசுப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து விடுதியில் போடுவதா? பக்கத்தில் பள்ளி வைக்கத் துப்பில்லை என்பதற்கு இப்படி ஒரு சால்ஜாப்பு. நான் கேட்டது தூரம். பதில் எங்கே?

தேன்சிட்டு: பழங்குடிப் பிள்ளைகளுக்காக மத்திய அரசு நடத்தும் ஏகலைவா மாதிரி உண்டு உறைவிடப் பள்ளியையும் சேர்த்துப் பேசுங்கள். ஆறாம் வகுப்பில்தான் தொடங்குகிறது, ஒரு பள்ளிக்கு 480 பேர். 2023இல் ஆசிரியர் தேர்வை டெல்லி கையில் எடுத்துக்கொண்டது. இந்தி தெரிந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வேறு.

நெடுஞ்சாலை: வந்துவிட்டது இந்தி! காலை உணவுத் திரியிலும் இப்படித்தான் நுழைந்து குட்டையைக் குழப்பினீர்கள்.

தேன்சிட்டு: அந்தத் திரியில் பதில் சொல்ல முடியாமல் ஓடியது யார் என்று எல்லோருக்கும் தெரியும் சார்.

மலைத்தேன்: 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காடு, பழங்குடியினரிடம் 54தான். இத்தனை பெற்றோரும் ஒரே நேரத்தில் அலட்சியமாகிவிட்டார்களா? பள்ளி பக்கத்தில்தான் இருக்கிறது என்றால் இந்த 26 எங்கே போனது?

நெடுஞ்சாலை: அது பழைய கணக்கு.

மலைத்தேன்: அடுத்த கணக்கெடுப்பு 2021இல் வந்திருக்க வேண்டும், அந்த ஆண்டு நடத்தவில்லை. அதற்கும் பெற்றோரின் அலட்சியம்தான் காரணமோ?

பழைய வாத்தியார்: படித்து முடித்தபின் சாதிச் சான்று கிடைக்காமல் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடையாய் நடக்கிற பிள்ளைகளைப் பற்றி ஒருவரும் பேசக் காணோமே?

தேன்சிட்டு: நெடுஞ்சாலை அதையும் 1 கி.மீ. என்பார்.

நெடுஞ்சாலை: கிண்டல் பண்ணத்தான் லாயக்கு. நிர்வாகி ஐயா, இந்த ஆளை ஒருமுறை எச்சரித்தீர்களே, மறந்துவிட்டதா?

மலைத்தேன்: இப்போது நிர்வாகியிடம் புகாரா? வாத்தியார் ஐயா, சான்றிதழுக்குத் தனித் திரி தொடங்குங்கள், வருகிறேன். இவர் முதலில் அந்த விதியை முழுசாக இங்கே எடுத்து ஒட்டட்டும்.