தாத்தாவின் சிஜே 3பி ஜீப்: தரையில் மூன்று ராடு, டேஷ்போர்டில் பெயர் அழிந்த இரண்டு குமிழ். எது எதற்கு?

மாந்தோப்பு (கிருஷ்ணகிரி):
வணக்கம். தாத்தா பெங்களூரா மாங்காய் ஏற்றிய மஹிந்திரா சிஜே 3பி, பத்து வருஷமாகக் கொட்டகையில் நின்றது. போன மாதம் ஸ்டார்ட் ஆகிவிட்டது. பெரிய கியர் ராடு சரியாக விழுகிறது. பக்கத்திலுள்ள இரண்டு சின்ன ராடுகளில் ஒன்று முன்னும் பின்னும் போகிறது, மற்றது அசையவே இல்லை. பட்டறையில் அறுத்து எடுத்துவிடலாம் என்கிறார்கள், எனக்கு மனசு வரவில்லை. டேஷ்போர்டில் இழுக்கும் குமிழ் இரண்டு, ஒயர் முனை எதிலும் மாட்டவில்லை.

மலைப்பாதை (பென்னாகரம்):
அறுக்கவே அறுக்காதீர்கள் தம்பி. அந்த இரண்டும் டிரான்ஸ்ஃபர் கேஸ் ராடு, அதாவது கியர்பாக்ஸ் இழுவையை முன், பின் ஆக்சிலுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியின் ராடு. இரண்டே நிலை உள்ளது முன் ஆக்சிலைச் சேர்ப்பது. மூன்று நிலை உள்ளது ஹை (சாதாரண ஓட்டம்), நியூட்ரல், லோ (மெதுவான வேகம், அதிக இழுவை). உங்களுக்கு அசைவது முன் ஆக்சில் ராடாகத்தான் இருக்கும்.

உள்ளே இரண்டுக்கும் நடுவில் ஒரு பூட்டு உண்டு. முன் ஆக்சில் சேராமல் லோ விழாது. லோவில் இழுவை ஏறத்தாழ இரண்டரை மடங்கு, அத்தனையும் பின் ஆக்சிலில் மட்டும் இறங்கக் கூடாது என்பதற்காக. அதனால் முதலில் முன் ஆக்சிலைப் போடுங்கள், வண்டி நின்றிருக்கும்போது கிளட்சை மிதித்து மற்றதைத் தள்ளுங்கள்.

அப்படியும் வரவில்லையா? இரண்டு ராடும் ஒரே பின்னில்தான் ஆடும். துரு பிடித்தால் அங்கேதான் இறுகும். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள், அப்புறம் நிப்பிளில் கிரீஸ் அடியுங்கள். சுத்தியலால் தட்டினால் ராடு வளையும், பொறுமையாகச் செய்யுங்கள்.

பழைய ஸ்பேனர் (ஓசூர்):
இன்ஜின் பெட்ரோலா, டீசலா? குமிழுக்கு விடை அதில்தான் இருக்கிறது.

மாந்தோப்பு:
டீசல் அண்ணா, பிற்பாடு மாற்றியது. நிறுத்த வேண்டுமானால் பானட்டைத் திறந்து டீசல் பம்பிலுள்ள சின்ன லீவரைக் கையால் தள்ளுகிறோம்.

பழைய ஸ்பேனர்:
அந்த லீவருக்குத்தான் ஒரு குமிழ் போக வேண்டும். பெட்ரோல் காலத்தில் அது சோக், கார்புரேட்டரின் காற்று வாயை மூடும். டீசலுக்குச் சோக் கிடையாது, அதே ஓட்டையில் ஸ்டாப் கேபிள் போடுவார்கள். இன்னொன்று கை ஆக்ஸிலரேட்டர், இழுத்த இடத்தில் நிற்கும். ஜீப்பை உழவுக்கும் பம்பு ஓட்டவும் பயன்படுத்திய காலத்தின் மிச்சம் அது. பெடல் லிங்கில் திரும்ப மாட்டலாம், ஆனால் குமிழை உள்ளே தள்ளியதும் இன்ஜின் ஐடிலுக்கு (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காத மெதுவான ஓட்டத்துக்கு) இறங்குகிறதா என்று பார்த்த பிறகே ரோட்டுக்கு எடுங்கள்.

டேஷ்போர்டில் ராடு நிலை காட்டும் தகடு இருந்தால் உப்புத்தாள் போடாதீர்கள். சோப்புத் தண்ணீரும் துணியும் போதும், எழுத்து பிழைக்கும்.

மாந்தோப்பு:
மூன்றாம் நாள் ராடு அசைந்தது! தோப்பு மண்ணில் லோ போட்டேன், தவழ்ந்து ஏறியது. தகட்டில் பாதி எழுத்து தெரிகிறது. ஸ்டாப் கேபிள் மாட்டியாச்சு. ஆனால் வீட்டுக்கு வரும் தார் ரோட்டில் முன் ஆக்சில் ராடு திரும்ப வரவில்லை.

மலைப்பாதை:
தார் ரோட்டில் அப்படித்தான் இறுகும். திருப்பத்தில் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே தூரம் உருளாது, வழுக்க மண்ணும் இல்லை. நேராக நாலடி ரிவர்ஸ் எடுங்கள், ராடு லேசாக வந்துவிடும். இனி மண்ணிலேயே போட்டு மண்ணிலேயே எடுங்கள் தம்பி.